கடைச் சைக்கிளின் சீட்டு யாருக்காக?



தராசுக்குத் தவறாமல் முத்திரை போடுகிறோம். ஆனால் கடைச் சைக்கிளின் சீட்டு, வாங்கிய அன்று இருந்த உயரத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது.

நமது வேப்பனப்பள்ளியில் இப்போது எல்லாம் எக்ஸெல் வண்டிதானே என்பீர்கள். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 பிறந்த நாள்முதல் மொபெட் நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, மறுக்கவில்லை. எனினும் கால் மூட்டை அரிசியைப் பக்கத்துத் தெருவில் சேர்க்க இன்றும் சைக்கிள்தான்.

என் கடை உதவியாளர் ஆறடி உயரம். முழங்காலின் முன்புறம் வலிக்கிறது என்று பல மாதம் சொன்னார். தைலம் வாங்கிக் கொடுத்தேன். லீவுக்குப் போடும் நாடகம் என்றும் மனதில் நினைத்தேன். ஒருநாள் அவர் சைக்கிள் மிதிப்பதைக் கவனித்தபோதுதான் புரிந்தது. சீட்டு, ஐந்தே கால் அடியான என் உயரத்துக்கு வைத்தது! முழங்கால் மடங்கிய நிலையிலேயே அத்தனை பாரத்தையும் தள்ளியிருக்கிறார்.

சீட்டு தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். அளவுக்கு மீறி உயர்ந்தால் பின்புறம் நோகும், இடுப்பும் ஆடும். பெங்களூரில் பந்தய சைக்கிள்காரர்களுக்கு இதைச் சரிசெய்ய நிபுணர்கள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். நமக்கு ஒரு ஸ்பேனர் போதும். சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுவே சரியான உயரம்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி. செருப்பின்றிச் சுவரோரம் நின்று, பேரேட்டைக் கவட்டையில் இறுக்கிப் பிடித்துத் தரைவரை அளக்க வேண்டும். 1967-ல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து, அந்த அளவில் 109 சதவீத உயரமே மிதிக்க நல்ல பலம் தரும் என்றார்கள். 32 அங்குலக் காலுக்கு, கீழ்ப் பெடலிலிருந்து சீட்டின் மேல்வரை சுமார் 35 அங்குலம். சரக்கோடு கூட்டத்தில் கால் ஊன்ற வேண்டியவருக்கு அரை அங்குலம் குறைப்பது நல்லது என்பது என் கருத்து. சீட்டுக் கம்பி குழாய்க்குள் இரண்டரை அங்குலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் முறிந்துவிடும்.

ஒரே சைக்கிளை மூவர் ஓட்டினால்? சீட்டுக் கம்பியில் ஆளுக்கொரு பெயிண்ட் கோடு போடலாம். எங்கள் கடையில் சிவப்பு அவருக்கு, வெள்ளை எனக்கு. மாற்றி வைக்க ஒரு நிமிடம் ஆகிறது; நான்தான் முணுமுணுக்கிறேன், அவர் முணுமுணுப்பதில்லை.