சம்மட்டி யார் தலையில்?

ஜெர்மனியின் அப்போதைய பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் 2023-இல் வீடுகளை வெப்பமூட்டும் முறையை மாற்றக் கட்டட ஆற்றல் சட்டத்தைத் திருத்தக் கிளம்பியபோது, ‘பில்ட்’ நாளிதழ் அதைச் சம்மட்டி என்றது. வீட்டுக்காரர் போண்டியாவார், குடியிருப்பவர் முழுச் செலவையும் வாடகையாகச் சுமப்பார் என்ற பேச்சு அன்று கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. முழுச் செலவும் வாடகையில் போய்விட்டால் வீட்டுக்காரர் எப்படிப் போண்டியாவார்?

ஓடுகிற எரிவாயுக் கொதிகலனைப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்பது முதல் புகார். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற விதி புதிதாகப் பொருத்தும் வெப்பமூட்டும் கருவிக்குத்தான். பழையது கெட்டால் பழுது பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் மானியம் உண்டு. சொந்த வீட்டில் குடியிருக்கும் குறைந்த வருமானக்காரருக்கு 70 சதவீதம்வரை, அதிகபட்சம் 21,000 யூரோ. வாடகைக்கு விட்டவருக்கு அடிப்படையாக 30 சதவீதம்தான். அவர் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

குடியிருப்பவர் கணக்குதான் சிக்கலானது. மானியம் போக மிஞ்சும் செலவில் ஆண்டுக்கு 10 சதவீதத்தை வாடகையில் ஏற்றலாம். ஆனால் கருவி மாற்றத்துக்காகச் சதுர மீட்டருக்கு மாதம் 50 சென்ட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. 70 சதுர மீட்டர் வீட்டுக்கு அது 35 யூரோ. பழைய கொதிகலனையே வைத்திருந்தாலும் செலவு நிற்காது. எரிவாயு மீதான கரிமக் கட்டணம் 2021-இல் டன்னுக்கு 25 யூரோ, 2025-இல் 55. 2022 வரை இதைக் குடியிருப்பவரே கட்டினார். 2023 முதல் பங்கீடு வந்தது, கட்டடம் மோசமாக இருக்க இருக்க வீட்டுக்காரரின் பங்கு ஏறும். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 40 கிலோ கரியமில வாயு என்றால் அவர் பங்கு 60 சதவீதம். 52 கிலோவைத் தொட்டால் 95.

இந்தக் கட்டணம் மிச்சமாவதால் மட்டும் 35 யூரோ ஈடாகாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எரிபொருள் செலவும் குறைய வேண்டும். வெப்பம் கசியும் சுவருள்ள வீட்டில் அதற்கு உத்தரவாதம் இல்லை.

குடியிருப்பவரை உண்மையில் வதைப்பது வேறொரு விதி. சுவர், ஜன்னல் போன்றவற்றை மேம்படுத்தினால் செலவில் 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் சேர்க்கலாம். சதுர மீட்டருக்கு 7 யூரோவோ அதற்கு மேலோ வாடகையுள்ள வீட்டில் ஆறு ஆண்டுக்குள் 3 யூரோ வரை, அதாவது அதே 70 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 210 யூரோ. பன்னிரண்டரை ஆண்டில் செலவு முழுதும் வசூலாகிவிடும், கூடிய வாடகை மட்டும் இறங்காது. இது ஹாபெக்கின் சட்டத்தில் இல்லை. சிவில் சட்டத்தின் வாடகைப் பிரிவில் பல காலமாக இருக்கிறது. 2019-இல் அதை 11 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். கால வரம்பு வைக்கவில்லை.