காற்கூறும் முக்காற்கூறும்: இணையவழிக் கற்றலில் கற்போர் ஈடுபாட்டை அளத்தல்

முன்னுரை

ஒரு பருவத்தில் வழங்கப்படும் பாடங்களில் 20 விழுக்காடு வரை ‘சுவயம்’ தளத்தில் பயின்று மதிப்பலகு பெறலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் இசைவளித்தது. 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அவ்வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரி மாணவரை இணையப் பாடங்களின்பால் அழைத்துச் சென்றுள்ளது. இதனால், கண்முன் இல்லாத மாணவர் கற்கிறாரா என்று அறியும் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து மெல்ல மெல்லத் தளத்தின் பதிவேட்டிற்கு மாறி வருகின்றது. அப்பதிவேடு எதனை அளக்கிறது, எதனை விட்டுவிடுகிறது என்பது கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய வினா அன்று. பாடங்கேட்டலுக்கே இலக்கணம் வகுத்த மரபைப் பயிலும் தமிழ்த்துறையினர்க்கும் அது உரியது. கற்றலின் முதற்காற்கூற்றை மட்டுமே, அதனையும் குறைபாட்டுடனேயே, பதிவேடு அளக்கிறது. எஞ்சிய முக்காற்கூற்றை அறிய ஆசிரியரின் செவி வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தளம் காண்பதும் காணாததும்

2002இல் வெளிவந்து இன்று உலகெங்கும் வழங்கும் ‘மூடில்’ தளத்தைச் சான்றாகக் கொள்ளலாம். மாணவரின் ஒவ்வொரு சொடுக்கும் அதில் நேரக்குறிப்புடன் பதிவாகிறது. ஒரு பாடப்பகுதியைத் திறந்த அளவிலேயே அது நிறைவுற்றதாகக் கொள்ளுமாறு அமைக்கலாம். குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றால் மட்டும் அவ்வாறு கொள்ளுமாறும் அமைக்கலாம். மாணவர் தாமே குறித்துக்கொள்ளவும் விடலாம். இம்மூன்றும் இறுதியில் ஒரே விழுக்காட்டுக் கணக்கில் சென்று சேர்கின்றன. பயின்ற நேரம் என்பதும் நேரடியாக அளக்கப்படுவது அன்று. ஒரு சொடுக்கிற்கும் அடுத்த சொடுக்கிற்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டு அது உய்த்துணரப்படுகிறது. அவ்விடைவெளியில் மாணவர் ஒரு பாடலைத் தமக்குள் அசைபோட்டாரா, அடுப்படிக்குச் சென்றாரா என்பதைத் தளம் அறியாது.

என்.பி.டி.இ.எல். பாடங்கள் இவ்வகையில் சற்று எச்சரிக்கையானவை. அங்குக் காணொலியைப் பார்த்ததற்கு மதிப்பெண் இல்லை. வார ஒப்படைப்புகளுக்கு 25, மேற்பார்வையுடன் கூடிய இறுதித் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்படுகிறது. முன்னதில் 10, பின்னதில் 30 எனக் குறைந்த அளவு பெற்றால்தான் சான்றிதழ் கிடைக்கும். எனினும் ஒப்படைப்புகள் பெரும்பாலும் தானியங்கி முறையில் திருத்தப்படும் தெரிவு வினாக்களே ஆதலின், மாணவர் தம் சொல்லால் ஒன்றை விளக்கிக் காட்டும் வாய்ப்பு குறைவு.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் விசைத்தறியாலும் பூச்சந்தையாலும் வாழும் ஊர். அத்தகைய ஊரில், தறியோடும் வீட்டில், ஒரே கைப்பேசியைத் தம்பியுடன் பகிர்ந்துகொள்ளும் இளங்கலைத் தமிழ் மாணவி ஒருவரைக் கருதிப் பார்க்கலாம். அவர் தோழியிடமிருந்து பாடத்தின் ஒலிப்பதிவைப் பெற்றுப் பேருந்தில் இருமுறை கேட்கிறார். மறுநாள் தோழியருக்கு அதனை எடுத்துரைக்கிறார். அவர் பெயருக்கு நேரே தளம் காட்டுவது சுழியம். வேறொரு மாணவர் காணொலியை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கிறார். அவருக்கு நூறு விழுக்காடு. இந்த எண்களே அகமதிப்பீட்டு மதிப்பெண்ணாக மாறுமாயின், கற்றவர் இழப்பார், கல்லாதவர் பெறுவார். கருவிவசதி குறைந்த ஊர்களின் மாணவர்மீதே இவ்விழப்பு மிகுதியாக விழும்.

நன்னூல் காட்டும் பகுப்பு

நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. கேட்போன் ஓவியப்பாவை போல் அடங்கியிருந்து, செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்கலனாகவும் கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. இத்தகைய மாணவர் இணையத்தில் அமர்ந்தால் சொடுக்குகள் எழா. தளம் அவரை ஈடுபாடற்றவர் என்றே கணிக்கும். ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும். மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கலாம் என்கிறது நன்னூல். தளத்திலோ, ஒரே பகுதி மீண்டும் மீண்டும் ஓட்டப்படுவது இடர்ப்பாட்டின் அறிகுறியாகவும் கொள்ளப்படக்கூடும். ஒரே செயல் ஒரு மரபில் முதிர்ச்சி, மற்றொன்றில் குறை.

இவற்றினும் சிறந்தது அந்நூல் கூறும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் அது புலமையின் காற்கூறே. உடன்பயில்வோருடன் பழகுதலால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு கால் நிறையும் என்பது அக்கணக்கு. அறியாமை நீங்கும் வழிகளாக அது எண்ணும் ஏழனுள் கேட்டவற்றை நினைத்தலும், ஆசிரியரை அணுகி மீளக் கேட்டலும், உடன்பயிறலும், வினாதலும், வினாயவற்றிற்கு விடை கூறலும் அடங்கும். இவற்றுள் இன்றைய பதிவேட்டில் இடம்பெறுவன எத்தனை என எண்ணிப் பார்த்தல் தகும்.

நன்னூலையும் ஆய்வின்றி ஏற்றல் கூடாது. அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம்பிரிப்பதும், பாடஞ்சொல்லத் தகாதார் எனச் சிலரை விலக்குவதும் அந்நூலே. தளம் மாணவர் பெயருக்கு நேரே இடும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களும் அத்தரப்பிரிவின் புதுவடிவம் ஆகிவிடக்கூடும். மரபிலிருந்து கொள்ளத்தக்கது கற்கும் முறையைப் பற்றிய கணக்கே. கற்போரின் இயல்பைப் பற்றிய முத்திரை அன்று.

கண்காணிப்பவரே கற்பிப்பவராக இருந்த முறையும் இம்மண்ணில் இருந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை இளையோரைக் கண்காணித்ததோடு அவர்க்குப் பாடமும் சொன்னார். 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கு நடைமுறைப்படுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ என இங்கிலாந்தில் பரவியது. பிரம்பும் மனப்பாடமும் மிகுந்த அப்பள்ளிகளுக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று கருத்து. கண்காணித்தலும் எடுத்துரைத்தலும் அங்கு ஒரே செயலின் இரு பக்கங்களாக இருந்தன என்பதே கருதத்தக்கது.

எண் தரும் மயக்கம்

பதிவேட்டை ஆதரிப்போர், முன்னெச்சரிக்கையால் மாணவர் இடைநிற்றல் குறையும் என்பர். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 முதல் பயன்படுத்திய ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டது. இம்முறையில் அமைந்த பாடங்கள் இரண்டோ அதற்கு மேலோ பயின்ற மாணவர் படிப்பில் நிலைத்தனர் என்பது அதன் உரிமைகோரல். 2013இல் மைக்கேல் கால்ஃபீல்டு அதனை வினவினார். நீண்ட காலம் நிலைத்த மாணவரே மிகுதியான பாடங்களைப் பயில முடியும். எனவே நிலைத்தமை விளைவு அன்று, காரணமே என்பது அவ்வினாவின் சாரம். ஆல்ஃபிரட் எஸ்ஸா எச்சரிக்கை விளக்குகளுக்கு மாற்றாகச் சாக்லேட்டு வழங்கியதாகக் கொண்டு கணினி மாதிரியை இயக்கியபோதும் அதே போன்ற நன்மை தோன்றியது. காரணத்தையும் விளைவையும் பிரித்தறியாத எண் எத்தனை பெரிதாயினும் சான்றாகாது.

ஆயினும் பதிவேடு பயனற்றது எனத் தள்ளுதலும் பொருந்தாது. வருகையைவிட இன்மையைப் பற்றி அது உண்மையாகப் பேசுகிறது. மூன்று வாரமாகத் தளத்திற்கு வராத மாணவர் ஒருவர் உளர் என்பது ஆசிரியர் அறிய வேண்டிய செய்தி. அது விசாரித்தலின் தொடக்கம், தீர்ப்பு அன்று.

செய்யத்தக்கவை

தமிழ்த்துறைகள் தம் அளவில் சிலவற்றைச் செய்ய இயலும். முதலாவது, நுழைவு எண்ணிக்கைக்கும் காணொலி பார்த்த விழுக்காட்டிற்கும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் அளித்தலைக் கைவிடுதல். இரண்டாவது, எடுத்துரைத்தலை மதிப்பீட்டின் மையமாக்குதல். 60 மாணவர் கொண்ட வகுப்பில் ஒருவர்க்கு 4 நிமிடம் என வாரந்தோறும் 10 பேரிடம் பாடலொன்றைப் படித்துப் பொருளுரைக்கக் கேட்டால், வாரத்திற்கு 40 நிமிடமே ஆகும். 6 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஒரு பருவத்தில் இரு சுற்று இயலும். பெரிய வகுப்பில் இது முடியாது என்னும் தடை இவ்வளவில் நீங்கும். கைப்பேசியில் பதிந்து அனுப்பும் குரலுரையும் இதற்குப் போதும். மூன்றாவது, மாணவர் இருவர் இருவராக ஒருவர்க்கொருவர் பாடம் கேட்டு, எழுந்த ஐயங்களை எழுதித் தருமாறு செய்தல். விடையைக் காட்டிலும் ஐயத்தின் தரம் பல நேரங்களில் முன்னேற்றத்தை நன்கு காட்டும்.

நான்காவது, எவை பதிவாகின்றன, யார் காண்கின்றனர் என்பதை மாணவர்க்குத் தொடக்கத்திலேயே அறிவித்தல். 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணித்தலைப் பொதுவாகத் தடைசெய்து, வரையறுத்த வகையினர்க்கு விலக்களிக்க இடம் தருகிறது. கல்லூரி முதலாமாண்டில் 17 வயதினரும் பயில்கின்றனர். சட்டம் விலக்களிப்பினும், அறிவிக்காமல் நோக்குதல் ஆசிரியர் அறத்திற்கு ஒவ்வாது.

முடிவுரை

இணையவழிக் கற்றலைத் தவிர்த்தல் இனி இயலாது. தவிர்க்க வேண்டியதும் இல்லை. ஊர்விட்டுச் செல்ல இயலாத மாணவர்க்கு அது நல்ல ஆசிரியர்களின் குரலைக் கொண்டு சேர்க்கிறது. அக்குரல் சென்று சேர்ந்ததா என்பதைப் பதிவேடு ஓரளவு கூறும். சேர்ந்தது அவரிடம் என்னவாயிற்று என்பதை அவர் வாய்திறந்து உரைக்கும்போதே அறியலாம். பாடத்திட்டக் குழுக்கள் இணையப் பாடங்களுக்கு மதிப்பலகு ஒதுக்கும்போது, மாணவர் உரைப்பதைக் கேட்பதற்கான நேரத்தையும் ஆசிரியரின் பணிக்கணக்கில் ஒதுக்குதல் வேண்டும்.