செம்புக்குக் காசு ஏற்கனவே கொடுத்தாயிற்று!

மோட்டார் டிரைவர் போர்டு புகைந்தால் முதல் திட்டு ஐ.சி.க்குத்தான். "டூப்ளிகேட் சரக்கு சார்..." என்று ஒரே புலம்பல். போர்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும் சங்கதி. 5 ஆம்பியர் ஓட வேண்டிய டிரேஸ், சாதாரண சிக்னல் டிரேஸ் மாதிரியே கால் மில்லிமீட்டர் அகலத்தில் கிடக்கும். சாஃப்ட்வேர் கொடுத்த அளவை மாற்றக்கூட இல்லை!

இந்தக் கஞ்சத்தனம் யாருக்காக? போர்டு முழுக்க செம்பு ஒட்டித்தான் வருகிறது. வேண்டாததை ரசாயனத்தில் கரைத்து எடுக்கிறார்கள். டிரேஸை மெலிதாக்கினால் செம்பு மிச்சமாகாது, இன்னும் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். போர்டு செய்பவர் விலை போடுவது பரப்பளவையும் லேயர் எண்ணிக்கையையும் பார்த்து. அகலமான டிரேஸுக்குத் தனி பில் கிடையாது. காமர்ஸ் பாடத்தில் இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர்.

கணக்கும் எளிதுதான். வழக்கமான 35 மைக்ரான் செம்பில், டிரேஸின் நீளத்தை அகலத்தால் வகுத்து, வருவதை அரை மில்லிஓமால் பெருக்கினால் ஏறக்குறைய மின்தடை கிடைத்துவிடும். 10 செ.மீ. நீளம், 1 மி.மீ. அகலம் என்றால் 50 மில்லிஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 1.25 வாட் டிரேஸிலேயே சூடாகப் போகிறது. அதையே 5 மி.மீ. ஆக்கினால் கால் வாட்.

இதைவிடக் கொடுமை கிரவுண்ட். கரண்ட் போகும் வழியைப் பார்ப்பவர்கள் அது திரும்பும் வழியைப் பார்ப்பதே இல்லை. மோட்டார் கரண்ட் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்ட் வழியாகத் திரும்பினால், அதே 50 மில்லிஓமில் கால் வோல்ட் எழும்பும். மோட்டார் சுற்றும்போதெல்லாம் சென்சார் அளவு குதிக்கும். புரோக்ராமில் பக் என்று விடிய விடியத் தேடுவார்கள். பக் இருப்பதோ செம்பில் :-) மோட்டார் கிரவுண்டை சப்ளை கெபாசிட்டருக்கு நேராகக் கொண்டுபோய், கன்ட்ரோல் கிரவுண்டை அங்கே ஒரே இடத்தில் சேர்த்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அந்தக் கெபாசிட்டரும் ஐ.சி.யின் காலடியில் இருக்க வேண்டும், போர்டின் மூலையில் அல்ல.

ஐ.சி.யைத் திட்டவே கூடாதா? எல்298-ஐத் தாராளமாகத் திட்டலாம். 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரை தானே விழுங்கும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. கிட்டத்தட்ட 10 வாட் சூடு! இதை எந்த டிரேஸும் காப்பாற்றாது, ஹீட் சிங்க் வேண்டும். டி.ஆர்.வி.8871 மாதிரி மாஸ்ஃபெட் ஐ.சி. அதே 2 ஆம்பியரில் சுமார் 1.1 வோல்ட்தான் எடுக்கும். ஆனால் அதன் சூடு வெளியேறுவது அடிவயிற்றில் உள்ள பேட் வழியாக. பேடுக்குக் கீழே வயா துளைகளும் மறுபக்கம் விரிந்த செம்பும் இல்லையென்றால், சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மோட்டார் நின்று நின்று ஓடும்.