வேலை போகலாம், தொழில் போகாது

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கையிலிருக்கும் வேலையை விடுவது எளிதான காரியம் அல்ல. மாதம் பிறந்தால் பணம் வரும் என்று ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கும். இங்கே வீட்டு வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் நிற்கும். ஆனால், வேலையை நாம் விடாவிட்டாலும், சில வேளைகளில் வேலையே நம்மை விட்டுப் போய்விடுகிறது. மட்டாஞ்சேரி இதைக் கண்ணால் கண்ட ஊர்.

ஒரு காலத்தில் மட்டாஞ்சேரியில் வேலை என்றாலே மிளகு, சுக்கு, கிடங்கு, கப்பல் என்பதுதான் பொருள். 1957இல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில் தரகர்கள் உரக்கக் கூவி விலை பேசினார்கள். அந்த வர்த்தகத்தை நம்பி மூட்டை தூக்குவோர், எடை போடுவோர், சரக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்கள், பேரேடு எழுதும் குமாஸ்தாக்கள் எனப் பலர் வாழ்ந்தனர். துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் முறை இருந்தது. கூட்டத்தின் நடுவே தகடுகளை வீசுவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று கூலி உண்டு. அந்த இழிவை எதிர்த்து 1953 செப்டம்பரில் நடந்த போராட்டத்தில் மூவர் உயிர் கொடுத்தனர்.

இவ்வளவு விலை கொடுத்துக் காத்த வேலையும் நிலைக்கவில்லை. 1973இல் சரக்குப் பெட்டகக் கப்பல் கொச்சிக்கு வந்தது. பத்துப் பேர் சுமந்ததைப் பாரந்தூக்கி ஒரே மூச்சில் இறக்கியது. 2011இல் பெட்டக முனையம் வல்லார்பாடத்தில் திறக்கப்பட்டது. 2004க்குப் பின் மிளகு வியாபாரம் கணினிக்குப் போனது. கூவி விலை பேசிய குரல்கள் அடங்கின. கிடங்குகள் பூட்டிக் கிடந்தன.

அந்தப் பூட்டிய கிடங்குகளுக்கு இன்னொரு வாழ்வு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின், அவர்கள் வாழ்ந்த தெருவில் பழம்பொருள் கடைகள் பெருகின. 2012 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியது. சரக்கு வைத்த மண்டபங்களில் சித்திரமும் சிற்பமும் வந்து அமர்ந்தன. வழிகாட்டி, தச்சர், மின்பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், விற்பனையாளர் என்று புதிய வேலைகள் பிறந்தன.

மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வாய்ப்பு முதலில் வந்தது கட்டடத்துக்கு, தொழிலாளிக்கு அல்ல. மிளகின் தரத்தைக் கையில் அள்ளியே சொல்லத் தெரிந்தவர், அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு மசாலா விற்க முடியும். முதுகை மட்டுமே நம்பி வாழ்ந்தவருக்கு அந்த வழி அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை.

இங்குள்ள தமிழர்களுக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள சலவைக் கூடத்தில் உழைப்பவர்கள் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள். டச்சுப் பட்டாளத்தின் உடுப்பை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. டச்சுக்காரர் 1795இல் கொச்சியை இழந்தனர். பின்னர் ஆங்கிலேயரும் போயினர். எஜமானர்கள் போன பிறகும் தொழில் நின்றது. 1976இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குக் கூடம் கட்டித் தந்தது. பட்டாளத்து உடுப்பு போய், விடுதிப் படுக்கை விரிப்பு வந்தது. கஞ்சி போடவும், முறுக்கிய இரட்டைக் கயிற்றில் துணியின் நுனியைச் செருகி உலர்த்தவும் தெரிந்த கை அதே கைதான். அவர்கள் பிள்ளைகள் வேறு படிப்பும் வேறு உத்தியோகமும் தேடிப் போவதும் குறையன்று, அதுவும் முன்னேற்றமே.

ஆகவே, வேலையை விட நினைப்பவர் இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, வர வேண்டிய கணக்கு. பணிக்கொடை விதிகளுக்கு உட்பட்ட நிறுவனத்தில் 5 ஆண்டு தொடர்ந்து உழைத்த நிரந்தர ஊழியருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். கோபத்தில் 5 ஆண்டு நிறையும் முன்னே வெளியேறி அதை இழப்பது விவேகமன்று. வேலை மாறும்போதெல்லாம் வைப்பு நிதியை எடுத்துச் செலவழிப்பதும் தவறு. புதிய இடத்துக்கு அதை மாற்றிக்கொண்டால் பணிக்காலம் தொடரும். 10 ஆண்டு நிறைந்தால் ஓய்வூதிய உரிமை கிடைக்கும். அனுபவச் சான்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கையில் இருக்கும் கணக்கு. என்ன தெரியும், அது வேறு எங்கே பயன்படும் என்று வேலையில் இருக்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். மலையாளம் எழுதப் படிக்கக் கற்பதும், மாலை நேரத்தில் கணினிக் கணக்குப் பழகுவதும் வீண் செலவல்ல.

தொழிற்சங்கங்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. பொங்கல் விழா நடத்துவதோடு, வேலை இழந்தவருக்கு விண்ணப்பம் எழுதித் தரவும் வழி சொல்லவும் வாரத்தில் ஒரு மாலையேனும் ஒதுக்கலாம். பழைய கட்டடங்களைக் காக்கச் செலவிடும் அரசு, அவற்றில் உழைத்தவர்களுக்குப் புதுத் தொழில் பழக்கவும் நிதி ஒதுக்க வேண்டும்.

எதிர்பாராத வாய்ப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் நாளில் அதைப் பிடிக்கும் கை தயாராக இருக்க வேண்டும்.