பெயர் யார் பெயரில்?

புதிதாகக் கடை போடுகிறவர்கள் இணைய முகவரிக்கு நியூமராலஜி பார்க்கிறார்கள். அதைத் தொலைபேசியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதில்லை. கேட்டவர் பிழையில்லாமல் தட்டிவிட்டால் அது நல்ல பெயர், அவ்வளவுதான். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கும்போது சிக்கல் இன்னும் கூடும். 'வாழை இலை' என்று உணவகத்துக்குப் பெயர் சூட்டினால், ழகரத்துக்கு 'இசட் ஹெச்'சா வெறும் 'எல்'லா, முதல் நெடிலுக்கு ஒரு 'ஏ'யா இரண்டா என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுக்க வேண்டும். நடுவில் சிறுகோடும் போட்டால் தீர்ந்தது கதை. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் உண்டு. பெருமைதான், ஆனால் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வைத்திராத வாடிக்கையாளரை நினைத்தால், அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்லமாட்டேன். முகவரியின் வால் பகுதியில் புதுமைக்கும் மயங்க வேண்டாம்; ஏதோ ஒரு நாட்டுக்குரிய வால் என்றால், அந்த நாட்டோடு அதுவும் போய்விடலாம். யூகோஸ்லாவியாவுக்கு உரிய '.ஒய்யு', நாடு சிதறிய பின் 2010-இல் அடியோடு நீக்கப்பட்டது. நமக்கு '.காம்' அல்லது '.இன்' போதும். இதையெல்லாம்விட, பதிவு யார் பெயரில் என்று பாருங்கள். தளம் செய்து தரும் தம்பி அவசரத்தில் தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிடுவார். நாளைக்கு அவர் துபாய் போய்விட்டால் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாருக்கு வரும்? முகவரிப் பதிவு கிரயம் அல்ல, குத்தகை; '.காம்' பெயரை ஒரே மூச்சில் 10 ஆண்டுக்கு மேல் எடுக்க முடியாது. முதல் வருஷம் தள்ளுபடி என்று கூவுகிறவரிடம், இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.