விதைநெல்லும் விலைநெல்லும்

அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் முப்பது மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பச்சைப் பலகையைக் குறித்துத் தலையங்கம் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். பலகை சிறிதாயினும் அதைச் சுற்றி எழுந்த விவகாரம் சிறிதன்று. பிரிட்டனில் ஒரு தர்ம ஸ்தாபனம் மாணவர்களை உத்தேசித்து ஆரம்பித்த யந்திரமானது, பண்டம் அரிதாகிய காலத்தில் யாருக்கு முதலிற் சேரவேண்டும் என்பதே அந்த விவகாரம். இதில் நமது அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறோம்.

ராஸ்ப்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் 2012-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் பயில விண்ணப்பம் செய்யும் மாணவர்களின் தொகையும் பயிற்சியும் குறைந்து வருவதைக் கண்டு எபன் அப்டன் முதலானோர் கவலையுற்றதே அதற்கு மூல காரணம். 1981-ல் வெளிவந்த பி.பி.ஸி. மைக்ரோ என்னும் யந்திரத்தின் முன் அமர்ந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாமாகவே புரோகிராம் எழுதப் பழகினார்கள். பின்வந்த யந்திரங்களோ உபயோகிக்க இடங்கொடுத்தனவேயன்றி, குடைந்து பார்க்க இடங்கொடுக்கவில்லை. வீட்டிலுள்ள ஒரே கம்ப்யூட்டரைப் பிள்ளை கெடுத்துவிடுவானோ என்று அஞ்சாத தகப்பன் யார்? கெட்டாலும் குடும்பம் கலங்காத விலையில் ஒரு யந்திரம் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட பரிகாரம். முதலில் வெளிவந்த பலகையின் விலை 35 டாலர்.

இந்தக் கொள்கையின் சிகரமென்று சொல்லத்தக்கது ஜீரோ என்னும் சிறு பலகை. 2015 நவம்பரில் அது 5 டாலருக்கு வந்தது. அந்த ஸ்தாபனத்தார் தமது மாதப் பத்திரிகையின் அட்டையில் ஒட்டியே அதை வழங்கினார்கள். 2017 பிப்ரவரியில் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த ஜீரோ டபிள்யூ 10 டாலருக்கு வெளியாயிற்று. 512 மெகாபைட் ஞாபகசக்தியும், லினக்ஸை ஓட்டும் வல்லமையும், வெளியுலகத்தோடு இணைவதற்கு ஓரத்தில் 40 துளைகளும் அதற்குண்டு. கண்ணாடிக் கொட்டகையில் செடி வளர்ப்பவர் ஓர் உஷ்ணமானியை அதனோடு இணைத்துவிட்டால், இரவில் குளிர் மிஞ்சும்போது அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வரும். இத்தகைய வேலையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் கையாற் செய்து முடிக்கும்போது பெறும் தைரியத்துக்கு விலை மதிப்பில்லை.

இப்படியிருக்கையில், 2021-ல் உலகெங்கும் சிப் பஞ்சம் தலையெடுத்தது. அவ்வருஷம் அக்டோபரில் இந்தக் கம்பெனியார் தமது சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு பலகையின் விலையை உயர்த்தினார்கள். 2022-ல் கடைகளில் சரக்கு காண்பது அரிதாயிற்று. வாங்கிப் பதுக்கியவர்கள் பன்மடங்கு விலை கூறினார்கள். கிடைத்த சரக்கில் தொழிற்சாலைகளுக்கும் வியாபாரிகளுக்குமே முதலிடம் கொடுப்பதாகக் கம்பெனியார் பகிரங்கமாகவே தெரிவித்தனர். தனி மனிதர்களும் மாணவர்களும் பின்வரிசையில் நின்றார்கள்.

கம்பெனியாரின் கட்சியை நாம் அலட்சியம் செய்யவில்லை. தம் யந்திரத்துக்குள் இந்தப் பலகையை வைத்து விற்கும் ஒரு சிறு தொழிலதிபருக்குப் பலகை கிடைக்காவிட்டால் பட்டறை நிற்கும். பட்டறை நின்றால் தொழிலாளியின் அடுப்பும் நிற்கும். மாணவனுக்கோ ஆறு மாதம் தாமதம், அவ்வளவே என்பது அவர்கள் வாதம். அன்றியும், பிகோ என்ற 4 டாலர் பலகை அக்காலத்திலும் கிடைத்து வந்ததே என்றும் சொன்னார்கள். முதல் வாதத்தில் நியாயமுண்டு. இரண்டாவது வாதம் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. பிகோ நல்ல சாதனந்தான். ஆனால் அது லினக்ஸ் ஓடும் முழுக் கம்ப்யூட்டரன்று, ஏவிய ஒரு வேலையைச் செய்யும் சிறு கருவி. எழுதுபலகை கேட்ட பிள்ளைக்குப் பலப்பம் மட்டும் கொடுத்தனுப்பியது போன்றது இது.

முதல் வாதத்திலும் ஒரு பெருங்குறை இருக்கிறது. தொழிற்சாலைகள் இந்தப் பலகையைத் தேடி வந்தது எதனால்? விளம்பரத்தால் அன்று. தம் வீட்டு மேஜையில் இதை வைத்து விளையாட்டாய்ப் பழகிய எஞ்ஜினீயர்கள், தமக்குப் பழகிய கருவியையே தொழிற்சாலைக்கும் கொண்டு சென்றதால் அல்லவா? நேற்றைய மாணவனே இன்றைய வாடிக்கைக்காரன். இன்றைய மாணவனைத் திருப்பி அனுப்பினால் நாளை வாடிக்கைக்காரன் எங்கிருந்து வருவான்? பஞ்ச காலத்தில் விலைநெல்லை யாருக்கு விற்பது என்று யோசிப்பது குடியானவனின் உரிமை. ஆனால் எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைப்பதில்லை என்பது நம் கிராமத்தார் எல்லோரும் அறிந்த தர்மம்.

மாணவர்களுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவது அசாத்தியமென்றும் சொல்வதற்கில்லை. 2022 டிசம்பரில் அதே கம்பெனியார், ஜீரோ டபிள்யூ முதலிய சில வகைகளில் 1,00,000-க்குச் சற்று அதிகமான பலகைகளைத் தனி வாங்குவோருக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அதை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். ஆயினும், டிசம்பரில் செய்ய முடிந்த ஒதுக்கீட்டைச் சிறிய அளவிலேனும் ஜனவரியிலேயே செய்திருக்கலாகாதா என்று கேட்காமலிருக்க முடியவில்லை. 2023-ன் பிற்பகுதியில் சரக்கு வரத்துச் சீர்பட்டது. 2024 ஜூன் மாதத்தில் கம்பெனியின் பங்குகள் லண்டன் பங்கு மார்க்கெட்டில் விற்பனைக்கு வந்தன. தர்ம ஸ்தாபனம் ஒரு பெரும் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விற்ற பணம் அதன் கல்விப் பணிக்கு மூலதனமாவது நன்றே. ஆனால் இனி லாபத்தை எதிர்பார்க்கும் பங்குதாரர்களும் மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்த காலம் போயிற்று. ஆகவே, எத்தகைய தட்டுப்பாட்டிலும் உற்பத்தியில் இன்ன பங்கு மாணவர்களுக்கே என்று எழுத்து மூலமான விதியொன்றை அந்த ஸ்தாபனம் தன் கையிலுள்ள பங்குகளின் பலத்தைக்கொண்டு வற்புறுத்திப் பெறவேண்டும். எழுதாத வாக்குறுதியைக் கோர்ட்டும் மதிக்காது, மார்க்கெட்டும் மதிக்காது.

அயல்நாட்டுக் கம்பெனியின் கணக்கு நமக்கெதற்கு என்பாருக்கு ஒரு வார்த்தை. நம் தேசத்திலும் ஸி-டாக் ஸ்தாபனத்தார் தாம் வகுத்த வேகா பிராஸஸரைக் கொண்டு ஏரீஸ் என்னும் பலகைகளை வெளியிட்டிருக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் பிராஸஸர் உருவாகியிருக்கிறது. இவை வளர வேண்டும், தொழிற்சாலைகளுக்குள்ளும் புக வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் கிராக்கி மிகும் நாளில் கடைசி வரிசையில் நிற்கப்போகிறவன் மாணவனே என்பதைப் பிரிட்டனின் அநுபவம் முன்கூட்டியே காட்டிவிட்டது. பஞ்சம் வந்தபின் பத்தாயம் கட்டப் புறப்படுவது விவேகமன்று. விதைநெல்லுக்கு இப்பொழுதே கோட்டை கட்டி வைப்போமாக.