நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவோமே

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் வாலிபர் இதழ் வாசலில் கைக்குக் கை போகிறது. வீட்டுக்குப் போகும் வழியில், காரிலேயே படங்களையும் பிறந்தநாள் பட்டியலையும் பார்த்துவிடுகிறோம். கட்டுரைகளை யார் படித்தீர்கள் என்று கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். எழுதியவரின் அம்மா கட்டாயம் படித்திருப்பார்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வராது, அதனால்தான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஆறேழு வருடம் போன பிள்ளைகள் நம் நடுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களுக்குத் தெரியும். ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில் அல்லவா வருகிறது? நாற்பது சொல் நீளத்துக்கு ஒரு வாக்கியம் போனால், யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். அங்கேயே இதழை மடித்து வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

நர்ஸ் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது தினசரிப் பாடம். ஷிப்ட் மாறும்போது ஒரு நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நாங்கள் என்ன நினைக்கிறோம், இனி என்ன செய்யவேண்டும் என்ற ஒழுங்கில் சொல்வோம். எஸ்பிஏஆர் என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம் அது. மூச்சுத் திணறுகிறது என்பது முதலில் வரும். பல வருடங்களுக்கு முன் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது பிறகுதான். நம் கட்டுரைகளில் பித்தப்பையே முதலில் வருகிறது. ஆதிகாலந்தொட்டு மனிதன் என்று தொடங்கி, சொல்ல வந்த விஷயம் மூன்றாம் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது.

இங்கே பிரிட்டனில் என்ஹெச்எஸ் இணையதளத்துக்கு எழுதுகிறவர்களுக்கென்று ஒரு மொழி வழிகாட்டி இருக்கிறது. சிறுநீர் கழிப்பதைச் சொல்ல, சிறுபிள்ளைகள் வீட்டில் சொல்லும் சொல்லையே அதில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். (அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால் பொருளே மாறிவிடும், விட்டுவிடுகிறோம்.) வெளிநோயாளர் பிரிவு டாக்டர்கள் குடும்ப டாக்டருக்குக் கடிதம் எழுதி, நோயாளிக்கு நகல் அனுப்புவதுதான் வழக்கம். அந்தக் கடிதத்தை நோயாளிக்கே எழுதுங்கள் என்று 2018ல் மருத்துவ ராயல் கல்லூரிகளின் அகாடமி கேட்டுக்கொண்டது. யாருக்கு எழுதுகிறோம் என்பது மாறினால் சொற்கள் தானாக மாறும். நம் இதழில் எழுதுகிறவர்கள் யாரை நினைத்து எழுதுகிறார்கள்? போதகர் ஐயாவையும் மூப்பர்களையும் நினைத்து என்றே படுகிறது. பதினைந்து வயதுத் தங்கை ஒருத்தியை எதிரே உட்காரவைத்து எழுதினால், "இன்றியமையாததாகும்" என்ற சொல் பேனாவிலிருந்து இறங்காது. "கட்டாயம் வேண்டும்" என்றுதான் வரும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுவது. கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்று காட்ட விரும்பினார் புளோரன்ஸ் நைட்டிங்கேல். எண்களை அட்டவணையில் அடுக்கியதோடு அவர் நிற்கவில்லை. 1858ல் அதை வண்ணப் படமாகவே வெளியிட்டார். நோயால் வந்த மரணங்களுக்கு நீலம். படத்தில் நீலமே பரந்து கிடக்கும், விளக்கம் தேவையில்லை. நம் முகாம் அறிக்கையிலோ "முகாம் மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது" என்று ஒரே வரி. மழையில் கூடாரம் சரிந்ததையும், இரவு இரண்டு மணிக்குத் தம்பிமார் நூடுல்ஸ் சமைத்ததையும் எழுதியிருந்தால் வராதவர்களும் படித்திருப்பார்கள்.

எளிதாக எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்கிற பெரியவர்களின் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. அச்சு வந்து இடைவெளி வந்ததால் தமிழ் மெலிந்துபோகவில்லையே. வேதாகமத்தின் வசன எண்களையே பாருங்கள். புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பயன்படுத்தும் எண்களை ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகத்தார் 1551ல்தான் சேர்த்தார். படிக்கிறவருக்குச் செய்த உதவி அது.

ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்று வாலிபர்கள் சொல்வதையும் நாங்கள் ஏற்கவில்லை. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து வந்ததைச் சொல்ல நம் சபையில் அம்மம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்த பாட்டிமாரிடம் வேறு கதைகள் உண்டு. வார்டில் நாங்கள் காண்பது இது: மறதி நோய் வந்த முதியவர்கள் பலரிடம், பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவுகிறது. கடைசியில் தமிழ் மட்டும் மிஞ்சுகிறது. பக்கத்தில் நிற்கும் பேரன் தலையை ஆட்டுகிறான், ஒன்றும் புரிவதில்லை. தமிழில் படிக்கும் பழக்கம் பதினைந்து வயதில் விட்டுப்போனால், அந்தக் கட்டிலருகே அதைத் தேடி எடுக்க முடியாது.

அடுத்த இதழுக்குக் கட்டுரை தருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். எழுதியதை முதலில் வீட்டில் உரக்க வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். மூன்று ஆச்சரியக்குறி போட்ட இடங்களில் இரண்டை எடுத்துவிடுங்கள். பிறகு வாலிபர் கூட்டத்துக்கு வரும் பிள்ளை ஒன்றிடம் படிக்கக் கொடுங்கள். எந்த வரியில் நிறுத்திவிட்டது என்று பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லி, கோட்டோடு அந்தத் தாளை ஆசிரியர் குழுவிடம் தாருங்கள்.